டாக்டரிடம் நாட்டு மருந்தைப் பற்றிச் சொல்வது: மும்பைத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர், ஆண்டாப் ஹில், முலுண்டு எனத் தமிழர்கள் வாழும் பகுதிகளில், மெடிக்கல் கடையில் வாங்கிய சர்க்கரை மாத்திரை இருக்கும் அதே அலமாரியில் ஊரிலிருந்து வந்த சூரணமும் இருக்கும். இந்தி பேசத் தெரியாத முதியவர்களுக்குத் துணையாக மாநகராட்சி மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவுகளுக்குப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். அந்த வரிசைகளில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். சித்தம் சிறந்ததா, அலோபதி சிறந்ததா என்பதை நான் இங்கே பேச வரவில்லை. இரண்டையும் எடுத்துக்கொள்பவர் அதைத் தம் மருத்துவரிடம் எப்படிச் சொல்வது என்பது மட்டுமே இங்குள்ள பொருள்.

நான் குடிப்பது வெறும் கசாயம். அதையும் மருந்து என்று சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள் எதையும் மறைப்பதில்லை. மருத்துவர் "ஔர் கோயீ தவா லேதே ஹோ?" என்று கேட்கும்போது, வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா என்றே அவர்கள் புரிந்துகொள்கிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் குடிக்கும் வெந்தயத் தண்ணீர், இரவில் பாலில் கலக்கும் அமுக்கராப் பொடி, முழங்காலில் தேய்க்கும் தைலம், ஹோமியோபதி உருண்டைகள் ஆகியவை நம் கணக்கில் மருந்தாவதில்லை. அவை கைவைத்தியம் அல்லது உணவு. ஆகவே மனசாட்சி உறுத்தாமல் "இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். மருத்துவரும் அப்படியே எழுதிக்கொள்கிறார். அன்றாடம் சமையலில் சேரும் மஞ்சளையும் மிளகையும் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒரு நோயை நினைத்து, ஓர் அளவு வைத்து, நாள்தோறும் எடுத்துக்கொள்ளும் எதுவாக இருந்தாலும் அது மருந்துதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இயற்கையான பொருள் அலோபதி மருந்தை எப்படிப் பாதிக்கும்?

மூலிகைக்கு நோயைத் தணிக்கும் ஆற்றல் உண்டு என்று நாம் நம்பினால், உடலில் வேறு மாற்றங்களைச் செய்யும் ஆற்றலும் அதற்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பாதிப்பு பொதுவாக மூன்று வழிகளில் நேர்கிறது.

முதலாவது, இரண்டும் ஒரே திசையில் வேலை செய்வது. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் சிறுகுறிஞ்சான் பொடியையோ பாகற்காய்ச் சாற்றையோ சேர்த்துக்கொண்டால், இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரலாம். வீட்டார் அதை வெயில் மயக்கம் என்று நினைப்பார்கள். மருத்துவருக்கோ, தாம் கொடுத்த அளவு கூடிவிட்டதாகத் தோன்றும்.

இரண்டாவது, ஒன்றன் வேலையை மற்றொன்று கெடுப்பது. இருமலுக்கு நாம் நம்பும் அதிமதுரம், நாள்கணக்கில் மிகுதியாக எடுத்தால் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது, பொட்டாசியத்தைக் குறைக்கிறது. சிறுநீரைப் பெருக்கும் அழுத்த மாத்திரையும் பொட்டாசியத்தைக் குறைக்கும் வகையாக இருந்தால் இதயத் துடிப்பே சீர்கெடலாம். இதய வால்வு மாற்றியவர்கள் இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் அசிட்ரோம் மாத்திரைக்கும் இத்தகைய எதிரிகள் உண்டு. கீரைகளில் உள்ள வைட்டமின் கே அதன் வேலையைத் தளர்த்தும். மாறாக, பூண்டு மாத்திரைகள் இரத்தக் கசிவைக் கூட்டலாம். இவர்களுக்கு இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை முடிவு காரணமின்றி ஏறி இறங்கினால், புதிதாகத் தொடங்கிய முருங்கையிலைப் பொடியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

மூன்றாவது, கல்லீரலும் சிறுநீரகமும். நாம் விழுங்குவதைச் சிதைத்து வெளியேற்றும் வேலை அவற்றினுடையது என்பதால் சுமையும் அவற்றின் மீதே விழுகிறது. ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி ஆகிய செடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைப் பழுதாக்கும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதனை வகைப்படுத்தியிருக்கிறது. நம் பக்கத்தில் பழங்காலம் தொட்டுப் பழகிய செடிகள் என்பதால் இவற்றைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

சொன்னால் டாக்டர் திட்டுவாரே?

இந்த அச்சம் வீண் அச்சமன்று. ஒரு மருத்துவமனையில், என்னோடு வந்த அறுபது வயதைக் கடந்த அம்மாள் ஒருவர் லேகியத்தைப் பற்றிச் சொன்னதும், "அப்படியானால் அங்கேயே போங்கள்" என்று இளம் மருத்துவர், நோயாளியின் விவரம் எழுதும் கேஸ் பேப்பரைத் தள்ளிவிட்டார். அந்த அம்மாள் அதன்பின் எந்த மருத்துவரிடமும் வாய் திறக்கவில்லை. மருத்துவர் செய்தது தவறு. ஆனால் அந்தத் தவறுக்கான விலையை அந்த அம்மாளின் உடம்புதான் கொடுக்க வேண்டியிருந்தது.

திட்டு வாங்குவதைத் தவிர்க்கச் சொல்லும் முறை ஓரளவு உதவும். "இதைச் சாப்பிடலாமா?" என்று தொடங்கினால் பெரும்பாலும் "கூடாது" என்ற ஒற்றைச் சொல்லே விடையாக வரும். அதற்குப் பதிலாக, "இரண்டு மாதமாக இதை எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் தரும் மாத்திரையோடு இது மோதுமா என்று பாருங்கள்" என்று பொருளை அவர் முன் வையுங்கள். அனுமதி கேட்பதாக இல்லாமல் தகவல் தருவதாகப் பேச்சு அமைந்தால், மருத்துவரும் தம் துறை சார்ந்து யோசிக்கத் தொடங்குவார். எதற்காக அந்த மருந்தைத் தேடிப் போனீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாத்திரையால் வயிறு எரிகிறது, தூக்கம் வரவில்லை, விலை கட்டுப்படியாகவில்லை என்பவையே பல நேரங்களில் உண்மையான காரணங்கள். அவற்றைக் கேட்டால் மாத்திரையை மாற்றித் தரவும் வழி இருக்கிறது.

இந்த நகரத்தின் மருத்துவ வரலாற்றிலேயே இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. கே.இ.எம். மருத்துவமனையில் பணியாற்றிய இதய மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல், நம் மருத்துவ மரபுகளில் பழகிவந்த சர்ப்பகந்தா வேரை இரத்த அழுத்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, முடிவுகளை 1949ல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார். உலகம் அந்த வேரைத் திரும்பிப் பார்த்தது. 1957ல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது அவருக்கு வழங்கப்பட்டது. அதே வேரிலிருந்து பிரித்தெடுத்த ரிசெர்பைன் மருந்து மனச்சோர்வை உண்டாக்கலாம் என்பதும் பிறகு பதிவாயிற்று. மூலிகையை மதித்த மருத்துவர்கள் இந்நகரில் இருந்திருக்கிறார்கள். மதிக்கத்தக்க மூலிகைக்கும் பக்கவிளைவு உண்டு. இன்றைக்கும் அழுத்த மாத்திரையோடு சர்ப்பகந்தா கலந்த மாத்திரையைச் சொல்லாமல் சேர்த்து எடுத்தால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும்.

எனக்கு இந்தியோ மராத்தியோ சரியாக வராது. மூலிகையின் பெயரை எப்படிச் சொல்வது?

தமிழ்நாட்டில் எழாத இடர் இது. இங்கே இதுவே பெரிய தடை. நிலவேம்பை "ஜமீன் கா நீம்" என்று ஒரு பேரன் மொழிபெயர்த்ததைக் கேட்டிருக்கிறேன். மருத்துவர் வேப்பிலை என்று எழுதிக்கொண்டார். இரண்டும் வேறு செடிகள். நிலவேம்புக்கு இந்தியில் காலமேக் என்று பெயர். சீந்தில் கொடியை இந்தியில் கிலோய் என்றும் மராத்தியில் குள்வேல் என்றும் சொல்வார்கள். கீழாநெல்லி பூமி ஆம்லா ஆகும். அமுக்கரா என்பது அஸ்வகந்தா. ஆடாதோடைக்கு மராத்தியில் அடுள்சா என்று பெயர். அதிமதுரம் இந்தியில் முலேட்டி, மராத்தியில் ஜேஷ்டமத். முருங்கையை மராத்தியில் சேவ்கா என்பார்கள். சிறுகுறிஞ்சானைக் குட்மார் என்றால் விளங்கும்.

பேச்சைத் தொடங்க, "மாத்திரையோடு நாட்டு மருந்தும் எடுத்துக்கொள்கிறேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். இந்தியில், "டாக்டர் சாப், மைம் கோலீ கே சாத் ஜடீ பூட்டீ கீ தவா பீ லேத்தா ஹூம்" என்று ஆண்களும், "லேத்தீ ஹூம்" என்று முடித்துப் பெண்களும் சொல்லலாம். மராத்தியில், "டாக்டர், மீ கோள்யாம்பரோபர் ஆயுர்வேதிக் ஔஷத் பண் கேதோ" என்பது ஆண்களுக்கும், "கேதே" என்று முடிவது பெண்களுக்கும் உரியது. சித்த மருத்துவம் என்றால் இங்கே பலருக்குத் தெரியாது. ஆகவே முதலில் ஆயுர்வேதம் போன்றது என்று சொல்லி உள்ளே நுழைவதில் தவறில்லை.

துணைக்கு வரும் பிள்ளைகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தாத்தா சொல்வது பழமையாகத் தோன்றுகிறது என்று வெட்கப்பட்டு, நடுவில் நின்று அதை விழுங்கிவிடாதீர்கள். அவர் சொன்னது முழுவதும் மருத்துவரின் காதுக்குப் போக வேண்டும்.

மருத்துவமனைக்குப் போகும்போது எதைக் கையில் எடுத்துச் செல்ல வேண்டும்?

பொருளையே எடுத்துச் செல்லுங்கள். புட்டி, டப்பா, பொட்டலம், எதுவானாலும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோவது ஆயிரம் சொற்களைவிடத் தெளிவானது. உரிமம் பெற்ற சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்தின் அட்டையில் சேர்மானப் பொருள்களின் பட்டியல், தாவரங்களின் அறிவியல் பெயர், தொகுதி எண், உற்பத்தி உரிம எண் ஆகியவை இருக்க வேண்டும் என்பது சட்டம். சட்டத்தின் நச்சுப்பொருள் பட்டியலில் உள்ள ஏதேனும் சேர்ந்திருந்தால், மருத்துவரின் கண்காணிப்பில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையும் அதில் இருக்கும். தாவரத்தின் அறிவியல் பெயர் எல்லா மொழிக்கும் பொது. மருத்துவர் தம் கைப்பேசியிலேயே தேடிப் பார்த்துவிடுவார். அட்டையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டாலும் போதும்.

எழுத்தே இல்லாத காகிதப் பொட்டலம் என்றால், வாங்கிய நாட்டு மருந்துக் கடைக்கோ வைத்தியருக்கோ போன் செய்து, அதில் என்னென்ன இருக்கின்றன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "அது எங்கள் பரம்பரை ரகசியம்" என்று விடை வந்தால், நான் அந்த மருந்தைச் சாப்பிட மாட்டேன். என் வீட்டாரையும் சாப்பிட விடமாட்டேன்.

இதே விதி மறுபக்கத்துக்கும் பொருந்தும். நம் பகுதிச் சிறிய கிளினிக்குகளில் பல, ஆயுர்வேதத்தில் பி.ஏ.எம்.எஸ்., ஹோமியோபதியில் பி.எச்.எம்.எஸ். பட்டம் பெற்றவர்கள் நடத்துபவை. அங்கே பெயரில்லாமல் காகிதத்தில் மடித்துத் தரும் மாத்திரை அலோபதியா மற்றொன்றா என்பது நமக்குத் தெரிவதில்லை. பெயரைச் சீட்டில் எழுதித் தருமாறு கேட்பது உங்கள் உரிமை.

ஓ.பி.டி.யில் இரண்டு நிமிடம்தான் கிடைக்கிறது. எப்போது சொல்வது?

முதல் அரை நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். மருந்துச் சீட்டு எழுதி முடித்தபின் வாசலருகே திரும்பி நின்று சொல்வது வீணாகிவிடும். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை நாளாக, எதற்காக என்ற நான்கையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கேஸ் பேப்பரோடு கொடுத்தால், வரிசை எவ்வளவு நீண்டிருந்தாலும் அது அவர் கண்ணில் படும். அதைக் கேஸ் பேப்பரிலேயே குறித்துவைக்கும்படி கேளுங்கள். அடுத்த முறை வேறு மருத்துவர் இருக்கக்கூடும்.

சீந்தில் கொடியால் கல்லீரல் கெடும் என்கிறார்களே, உண்மையா?

கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்காகச் சீந்தில் சாறு பெருமளவில் குடிக்கப்பட்டது. 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அதை உட்கொண்டு கல்லீரல் பாதிப்போடு வந்த ஆறு நோயாளிகளைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021ல் ஓர் ஆய்விதழில் எழுதினார்கள். அடுத்த ஆண்டில் நாட்டின் பல மையங்களிலிருந்து 43 பேரின் விவரம் வெளிவந்தது. தம் உடலின் எதிர்ப்பாற்றலே தம்மைத் தாக்கும் இயல்புள்ளவர்களிடம் இக்கொடி அந்தத் தாக்குதலைத் தூண்டியிருக்கலாம் என்பது அம்மருத்துவர்களின் கருத்து. ஆயுர்வேதம், சித்தம் போன்ற மருத்துவ முறைகளுக்கான மத்திய அரசின் ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. சீந்திலைப் போலவே தோற்றமளிக்கும் வேறு கொடி கலந்திருக்கலாம், அதைச் சரிபார்க்கவில்லை என்று மறுத்தது.

இந்த வாதத்தில் யார் பக்கம் சரி என்பதற்காக நோயாளி காத்திருக்க வேண்டியதில்லை. தைராய்டு, முடக்குவாதம் போன்ற எதிர்ப்பாற்றல் நோய் உள்ளவர்களும், கல்லீரல் நோயாளிகளும், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களும் சீந்தில் எடுப்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கண் மஞ்சளாவது, பசியின்மை, அடர் நிறச் சிறுநீர் ஆகியவை தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு, மிச்சமிருக்கும் கொடியோடு போய்ப் பார்க்க வேண்டும்.

பற்பம், செந்தூரம் எடுப்பவர்கள் என்ன சொல்ல வேண்டும்?

அதில் உலோகம் சேர்ந்திருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். முறையாகச் சுத்தி செய்தால் நஞ்சு நீங்கும் என்பது சித்த மருத்துவத்தின் கொள்கை. கடையில் கிடைப்பவை அனைத்தும் அவ்வாறு செய்யப்பட்டவையா என்பதை நம்மால் அறிய முடியாது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத் தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004ல் வெளியான ஆய்வில், 14 மருந்துகளில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. காரணம் புரியாத வயிற்று வலியும் இரத்தசோகையும் சேர்ந்து வந்தால், பற்பம் சாப்பிட்டதை மருத்துவர் அறிந்தால்தான் இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்வார். தெரியாவிட்டால் வயிற்றை மட்டுமே சோதித்துக்கொண்டிருப்பார்.

அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். எப்போது நிறுத்த வேண்டும்?

பொதுவாக இரண்டு வாரங்களுக்கு முன்பே மூலிகை மருந்துகளை நிறுத்தச் சொல்வார்கள். இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துபவையும், மயக்க மருந்தின் உறக்கத்தை ஆழமாக்குபவையும் அவற்றில் உண்டு. அறுவை செய்பவரிடம் சொன்னதோடு நில்லாமல், மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடமும் தனியாகச் சொல்லுங்கள்.

பரேலில் புற்றுநோய் சிகிச்சை நடக்கிறது. ஊரில் ஒரு வைத்தியர் மருந்து தருகிறார். இரண்டையும் எடுக்கலாமா?

டாடா நினைவு மருத்துவமனையின் வாசலில் நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்தவர்களோடு நம் மக்களும் காத்திருப்பார்கள். அந்தத் துயரத்தில் யார் என்ன மருந்து சொன்னாலும் மனம் அதைப் பற்றிக்கொள்ளும். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கீமோ மருந்துகள் மிகக் குறுகிய அளவெல்லைக்குள் வேலை செய்பவை. அவற்றைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளை மூலிகை தூண்டினால் மருந்தின் பலன் குறையும், தடுத்தால் நஞ்சாகும். கீமோ நாட்களில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது, கொதிக்க வைக்காத பச்சிலைச் சாறு தொற்றையும் கொண்டுவரும். ஆகவே இங்கே "சொல்லிவிட்டு எடுப்பது" போதாது. கேட்டு, சரி என்று வந்தபின்பே எடுக்க வேண்டும்.

சிகிச்சையை விட்டுவிட்டு வைத்தியரிடம் மட்டும் போகலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் விடை. குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்த புற்றுநோய்க்கு மாற்று மருத்துவம் மட்டும் மேற்கொண்டவர்கள் இறக்கும் அபாயம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இரண்டரை மடங்கு என்று அமெரிக்காவில் 2018ல் அச்சான ஆய்வு காட்டியது. புற்றுநோய், நீரிழிவு போன்றவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. அப்படிச் சுவரொட்டி ஒட்டுபவர் அந்தச் சட்டத்தை மீறுகிறார் என்பதையாவது நினைவில் வையுங்கள்.

டி.பி. மருந்து சாப்பிடுகிறேன். காமாலை வராமலிருக்கக் கீழாநெல்லி எடுக்கலாமா?

டி.பி. மருந்து தரும் மையத்தில் கேட்காமல் நீங்களாக எடுக்க வேண்டாம். காமாலை வந்துவிட்டதோ என்று ஐயம் எழுந்தால் வீட்டில் வைத்தியம் பார்க்காமல் அன்றே அந்த மையத்துக்குச் செல்லுங்கள். டி.பி. மாத்திரைகளே கல்லீரலைத் தாக்கக்கூடியவை என்பதால், மாத்திரையை எப்போது நிறுத்துவது, எந்த வரிசையில் மீண்டும் தொடங்குவது என்பதை அங்கேதான் முடிவு செய்ய முடியும். ரிஃபாம்பிசின் மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது இயல்பு. கண் மஞ்சளாவதும் வாந்தியும் இயல்பல்ல.

கைக்குழந்தைக்கு உரைமருந்து கொடுப்பதைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். சுக்கு, கடுக்காய், சாதிக்காய், வசம்பு எனக் கல்லில் உரைத்துக் கொடுப்பதில் அளவு கைக்குக் கை மாறும். குழந்தை மந்தமாகத் தூங்கினாலோ வாந்தி எடுத்தாலோ மருத்துவருக்கு அந்தத் தகவல் வேண்டும். ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது ஆபத்தானது. குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடும் பழக்கம் நுரையீரலில் எண்ணெய் இறங்கி நிமோனியா உண்டாக்கும். இவ்விரண்டையும் அறவே விட்டுவிடச் சொல்வேன். பாட்டிமேல் பழி வருமே என்று மருமகள் மருத்துவரிடம் வாய்மூடி இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். பாட்டியையே உடன் அழைத்துச் சென்று, அவரே சொல்லும்படி விடுவது நல்லது.

சித்த மருத்துவரிடம் அலோபதி மாத்திரைகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

ஆம், அதே சீட்டை அவரிடமும் காட்டுங்கள். நல்ல சித்த மருத்துவர் அதைக் கேட்காமல் மருந்து கொடுக்க மாட்டார்.

டாக்டர் நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்திவிடலாமா?

பெரும்பாலானவற்றை நிறுத்தலாம். மூட்டுவலிக்கும் மூச்சிழுப்புக்கும் இரண்டே நாளில் அதிசயமாகக் குணம் தந்த பெயரில்லாப் பொடி மட்டும் விதிவிலக்கு. அத்தகைய சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. மாதக்கணக்கில் அதை எடுத்தவர் சட்டென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே இடர் வரலாம். முகம் உப்பியிருப்பதையும் சர்க்கரை ஏறியிருப்பதையும் சேர்த்துச் சொல்லி, படிப்படியாகக் குறைக்க வழி கேளுங்கள். நீங்களாக அலோபதி மாத்திரையை நிறுத்துவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வலிப்பு, இதயம், சர்க்கரை மாத்திரைகளை வைத்தியர் சொன்னார் என்று ஒரே நாளில் விட்டவர்களை அவசரப் பிரிவில் பார்த்திருக்கிறேன்.

பாதிப்பு வந்துவிட்டால் எங்கே தெரிவிப்பது?

முதலில் மருத்துவரிடம். பிறகு, மருந்துகளின் தீய விளைவுகளைப் பதிவு செய்யும் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே தெரிவிக்கலாம். சித்த, ஆயுர்வேத, யுனானி, ஹோமியோபதி மருந்துகளுக்கென 2018ல் தொடங்கிய தனிக் கண்காணிப்பு அமைப்பும் இருக்கிறது. அதன் தேசிய மையம் தில்லியின் அகில இந்திய ஆயுர்வேத நிறுவனத்தில் இயங்குகிறது. பதிவு செய்பவர்கள் மருந்தின் பெயர், தொகுதி எண், எடுத்த நாட்கள், அறிகுறி தொடங்கிய நாள் ஆகியவற்றைக் கேட்பார்கள். ஆகவே கோபத்தில் மிச்ச மருந்தைக் குப்பையில் கொட்டிவிடாமல், புட்டியோடும் அட்டையோடும் ஒரு பையில் கட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்திருங்கள்.